நின்றே தேயும் சக்கரம்

சிறிய விமானத்தின் சக்கரம் தரையில் உருளும் தூரம் மிகக் குறைவு. ஹேங்கரிலிருந்து ஓடுபாதையின் தொடக்கம் வரை மெதுவாக ஊர்ந்து போகும். எழும்பச் சில நூறு மீட்டர், இறங்கி நிற்கச் சில நூறு மீட்டர், பிறகு ஹேங்கருக்குத் திரும்பும் வழி. எல்லாம் சேர்த்து ஒரு பறப்புக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் தேறினால் அதிகம். வார இறுதியில் மட்டும் பறக்கிறவரின் விமானம் ஆண்டு முழுக்க உருண்டாலும், கொலம்பஸிலிருந்து கிளீவ்லாந்துக்கு ஒருமுறை போய்வரும் காரின் சக்கரம் அதைவிட அதிகம் உருண்டிருக்கும்.

ஆனாலும் விமானச் சக்கரத்தின் பேரிங் கெடுகிறது. நான் கழற்றிப் பார்த்தவற்றில் கெட்டுக் கிடந்த பேரிங்குகளில் பெரும்பாலானவை ஓடித் தேய்ந்தவை அல்ல. நின்று கெட்டவை. இதை விமானம் கட்டுகிறவர்களிடமும் வாங்குகிறவர்களிடமும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எஞ்சினை மணிக்கணக்கு வைத்துப் பராமரிக்கலாம். சக்கரத்தை நாள்காட்டி வைத்துத்தான் பராமரிக்க வேண்டும்.

நான் தொழில் கற்றது கோயம்புத்தூரில், மோட்டார் பம்ப் பட்டறையில். அங்கே பேரிங்கின் வாழ்க்கையே வேறு. கரண்ட் இருக்கும் நேரமெல்லாம் மோட்டார் ஓடும். பேரிங் ஓடி ஓடித் தேயும், போவதற்கு முன் கத்தும். "மோட்டாரு சத்தம் மாறிப் போச்சுங்க" என்று தோட்டத்துக்காரர் வந்து நிற்பார். அந்தக் கத்தலை நம்பியே எங்கள் வேலை நடந்தது. ஒஹையோவுக்கு வந்து விமானத்தில் கை வைத்தபோது அந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. எஞ்சின் இரைச்சல் ஒரு பக்கம், காதில் ஹெட்செட் ஒரு பக்கம். சக்கரத்துக்குள் என்ன நடந்தாலும் விமானியின் காதுக்கு அது வந்து சேராது.

சக்கரம் படும் பாட்டையும் சொல்லிவிட வேண்டும். என் விமானத்தின் டயர் சுமார் 14 அங்குல விட்டம். தரையைத் தொடும்போது வேகம் ஏறக்குறைய 50 நாட், அதாவது மணிக்கு 92 கிலோமீட்டர். அதுவரை காற்றில் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்த சக்கரம் ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில் நிமிடத்துக்கு 1,400 சுற்று அளவுக்குச் சுழலத் தொடங்கும். அந்த நொடியில்தான் எடையும் வந்து இறங்கும். பக்கக் காற்று இருந்தால் பக்கவாட்டுத் தள்ளலும் சேரும். வாரக்கணக்கில் சும்மா நின்ற ஒன்றிடம் இதை எதிர்பார்க்கிறோம்.

என்னுடையது ஆர்வி-9ஏ. ஒரேகான் மாநிலத்தின் அரோராவில் இருக்கும் வேன்ஸ் ஏர்கிராஃப்ட் விற்கும் கிட்டை வாங்கி என் கராஜில் கட்டியது. ரிச்சர்ட் வேன்கிரன்ஸ்வன் 1970-களில் தொடங்கிய அந்த ஆர்வி வரிசையில் இதுவரை பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் தனியாட்களின் கையால் கட்டப்பட்டுப் பறந்திருக்கின்றன. இருவர் அருகருகே உட்காரலாம். முழுச் சுமையோடு 1,750 பவுண்டு, ஏறக்குறைய 794 கிலோ. அவ்வளவும் தரையில் நிற்பது மூன்று சிறு சக்கரங்களின் மேல்.

அமெரிக்கச் சட்டம் இப்படிக் கட்டுகிறவருக்கு ஒரு பெரிய உரிமையைத் தருகிறது. கட்டுவேலையின் பெரும்பகுதியைக் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தாமே செய்திருந்தால், அந்த ஒரு விமானத்துக்கு மட்டும் செல்லும் ரிப்பேர்மேன் சான்றிதழைக் கட்டியவர் பெறலாம். பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை நடக்க வேண்டிய நிலைப் பரிசோதனையைச் செய்து, பாதுகாப்பாக இயக்கத்தக்க நிலையில் இருக்கிறது என்று பதிவேட்டில் தாமே கையெழுத்துப் போடலாம். தொழிற்சாலையில் செய்த செஸ்னாவின் சொந்தக்காரருக்கு அந்த உரிமை இல்லை. எனக்கு இது பெருமை. ஆனால் கையெழுத்துப் போடும் கைதான் ஆக்ஸில் நட்டையும் இறுக்குகிறது. இடையில் சரிபார்க்க இன்னொருவர் கிடையாது. அதனால் சக்கர வேலையை நான் பரிசோதனையின் கடைசிக்குத் தள்ளுவதில்லை. உடம்பில் தெம்பும் பகல் வெளிச்சமும் இருக்கும் முதல் நாளே செய்கிறேன்.

நான் இருக்கும் ஒஹையோவுக்கும் இந்தப் பேரிங்குக்கும் நெருங்கிய உறவு உண்டு. செயின்ட் லூயிஸில் குதிரை வண்டி செய்துகொண்டிருந்த ஹென்றி டிம்கன், பாரவண்டி வளைவில் திரும்பும்போது சக்கரத்தில் ஏறும் பக்கவாட்டுச் சுமையைத் தாங்கக் கூம்பு வடிவ ரோலர் பேரிங்குக்கு 1898-ல் காப்புரிமை பெற்றார். 1901-ல் அவருடைய நிறுவனம் ஒஹையோவின் கேண்டனுக்குக் குடிபெயர்ந்தது. இன்றும் சிறு விமானங்களின் சக்கரத்துக்குள் இருப்பது அந்த வடிவம்தான். (டேட்டன் ரைட் சகோதரர்களும் ஒஹையோக்காரர்களே. 1903-ல் பறந்த அவர்களது விமானத்துக்குச் சக்கரமே கிடையாது, சறுக்குக் கட்டைகள்தான். தண்டவாளத்தில் அதை ஓடவிட்ட சின்னத் தள்ளுவண்டியில் மாற்றியமைத்த சைக்கிள் ஹப் இருந்தது. சைக்கிள் கடைக்காரர்களுக்குக் கைப்பழக்கம் அங்கேயும் துணை நின்றிருக்கிறது.)

பேரிங்கில் இரண்டு பாகம். சக்கரத்துக்குள் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும் வெளி வளையம் கப். ஆக்ஸிலில் ஏறும் உள் வளையமும், அதைச் சுற்றிக் கூண்டுக்குள் நிற்கும் ரோலர்களும் சேர்ந்தது கோன். ஒவ்வொரு ரோலரும் ஒரு முனை பருத்து மறுமுனை சிறுத்திருக்கும். ரோலர்களின் சரிவுக் கோடுகளை நீட்டிக்கொண்டே போனால் எல்லாம் ஆக்ஸிலின் நடுக்கோட்டில் ஒரே புள்ளியில் சேரும். அதனால்தான் ரோலர் இழுபடாமல், வழுக்காமல் உருள்கிறது. மேலிருந்து வரும் எடையையும் பக்கத்திலிருந்து வரும் தள்ளலையும் ஒன்றாகவே தாங்குகிறது. ஒரு சக்கரத்துக்கு இப்படி இரண்டு, ஒன்றுக்கொன்று எதிர்முகமாக. இரண்டுக்கும் இடையே எவ்வளவு இறுக்கம் என்பதை ஆக்ஸில் நுனியில் இருக்கும் நட் தீர்மானிக்கிறது. இந்தப் பேரிங்கின் பலமும் பலவீனமும் அந்த நட்டில்தான். வாங்கி மாட்டினால் தானே சரியாகிவிடும் பொருளல்ல இது. இறுக்கத்தை மனிதக் கை வைக்க வேண்டும்.

எங்கள் ஊர்ப்பக்கத்து இளைஞர் ஒருவர், மதுரைக்காரர், கொலம்பஸில் மென்பொருள் வேலை. பறக்கக் கற்று, வேறொருவர் கட்டிய ஆர்வி-9ஏ ஒன்றை வாங்கினார். கட்டியவருக்கு வயதாகிவிட்டதால் அது சில ஆண்டுகள் பறக்காமல் வெளியில், தார்ப்பாய் உறைக்கு அடியில், கயிறு கட்டி நின்றது. வாங்கியதும் எஞ்சினை ஆளைவைத்து முழுக்கப் பார்த்தார், ரேடியோவை மாற்றினார், இருக்கைக்குப் புதுத்தோல் போட்டார். முதல் பரிசோதனைக்கு நாள் குறித்தபின் என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணா, சக்கரம் ரெண்டும் நல்லாத்தான் சுத்துது. அதையும் கழட்டணுமா?"

"சுத்துறத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது தம்பி. கழட்டிப் பாத்துரலாம்."

இப்படி வாங்கியவருக்கு ரிப்பேர்மேன் சான்றிதழ் கைமாறாது. பராமரிப்பு வேலையை அவர் தாராளமாகச் செய்யலாம். ஆண்டுப் பரிசோதனைக்குக் கையெழுத்து மட்டும் அப்போது உரிமம் பெற்ற மெக்கானிக்கோ, கட்டியவரோ போட வேண்டியிருந்தது. அவருக்கு ஒரு மெக்கானிக் இருந்தார். சக்கர வேலைக்கு மட்டும் நான் கூட நின்றேன்.

வலது சக்கரத்தில் தொடங்கினோம். முதலில் வீல் பேன்ட் என்று நாங்கள் சொல்லும் கூடு. காற்றுத் தடையைக் குறைத்து வேகத்தைக் கூட்டும் அருமையான பொருள். ஆனால் சக்கரத்தைக் கண்ணிலிருந்து முழுக்க மறைத்துவிடும். உள்ளே போன புல், சேறு, தண்ணீர் எல்லாம் உள்ளேயே தங்கும். கூட்டைக் கழற்றாமல் டயரில் காற்று அடிக்கச் சின்ன ஓட்டை வைத்திருப்பார்கள். வசதிதான். ஆனால் அந்த ஓட்டையின் தயவால் ஆண்டு முழுக்கக் கூட்டைத் தொடாமலே காலம் தள்ளிவிட முடிகிறது. நான் என் விமானத்தில் அந்த ஓட்டை வைக்கவில்லை. காற்று அடிக்க வேண்டுமென்றால் திருகுகளைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்றினால் கண் பார்க்கும்.

மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கினோம். பிரேக் காலிப்பரின் பின்தகட்டைக் கழற்றி, காட்டர் பின்னை உருவி, நட்டைத் திருகி எடுத்ததும் சக்கரம் கையோடு வந்தது. இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தச் சக்கரம் நடுவில் இரண்டாகப் பிளந்து, போல்ட்டுகளால் சேர்த்துப் பிடித்தது. டயரில் காற்று இருக்கும்போது அந்தப் போல்ட்டுகளைத் தளர்த்தினால் இரு பாதியும் வெடித்துச் சிதறும். ஆள் செத்திருக்கிறார்கள். வால்வின் உள் ஊசியையே கழற்றி வெளியில் வைத்து, டயரை அழுத்திப் பார்த்த பிறகுதான் ஸ்பானரை எடுக்க வேண்டும். அந்த ஊசியைத் தம்பியின் சட்டைப்பையில் போடச் சொன்னேன்.

பேரிங்கை மறைத்திருந்தது ஃபெல்ட் சீல். இரண்டு உலோக வளையத்துக்கு நடுவே ஒரு கம்பளி வளையம், மேலே பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வளையம். கிளீவ்லாந்து என்ற பெயரில் விற்கும் விமானச் சக்கரங்கள் பலவற்றில் இதுதான். நல்ல ஏற்பாடு. எண்ணெய் ஊறியிருக்கும் வரை தூசியை நிறுத்தும். காய்ந்துபோனால் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் தண்ணீரை உறிஞ்சி உள்ளே வைத்துக்கொள்ளும். தம்பியின் விமானத்தில் அந்த ஃபெல்ட் காய்ந்து கட்டை மாதிரி இருந்தது. உள்ளே கிரீஸ் பழுப்பு நிறத்தில், தண்ணீர் கலந்த குழம்பாக இருந்தது.

கோனை மினரல் ஸ்பிரிட்டில் முக்கிப் பிரஷ்ஷால் கழுவினோம். காய வைக்கக் காற்றுக்குழாயைப் பிடிக்கப்போனார். காற்றை ரோலரின் நீளவாக்கில் மெதுவாக விடலாம். ரோலரைச் சுழலவிடக் கூடாது. கிரீஸ் இல்லாத ரோலர் காற்றின் வேகத்தில் கண்டபடி சுழன்று தன்னையே கீறிக்கொள்ளும், கூண்டு உடைந்து சிதறவும் செய்யும். பட்டறைகளில் அந்த விசில் சத்தத்துக்காகவே சிறுவர்கள் சுழலவிடுவார்கள். அதைப் பார்த்தால் எனக்கு இன்னும் வயிறு கலங்கும்.

கழுவித் துடைத்த பேரிங்கை இனிமேல் வெறுங்கையால் தொடக் கூடாது. வியர்வையின் உப்பு ஒரு இரவில் விரல் ரேகையைத் துருவாகப் பதித்துவிடும். கையுறை போட்டு, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை எடுத்தோம். இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். கழுவிய பேரிங் தன் கதை முழுவதையும் சொல்லும். நீலமோ வைக்கோல் நிறமோ தெரிந்தால் சூடு கண்டிருக்கிறது. செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தால் உலோகமே களைத்துவிட்டது. கூண்டு நெளிந்திருந்தால் யாரோ சுத்தியலால் தட்டியிருக்கிறார்கள். மங்கிய சாம்பல் நிறம் மட்டுமென்றால் தூசி உள்ளே போய் மெருகைத் தின்றிருக்கிறது.

தம்பியின் கப்பில் தெரிந்தது வேறு. கீழ்ப்பாதியில் மட்டும், சம இடைவெளியில், கறுத்த கோடுகள். ரோலருக்கும் ரோலருக்கும் உள்ள அதே இடைவெளி. நகத்தை மெல்ல ஓட்டினால் ஒவ்வொரு கோட்டிலும் தடுக்கியது. இந்தத் தழும்புக்குப் போலி பிரினெல் என்று பெயர். உலோகத்தின் கடினத்தை அளக்கக் குண்டை அழுத்திக் குழி பார்க்கும் முறையைக் கொண்டுவந்தவர் ஸ்வீடனின் யோஹான் பிரினெல். விமானத்தைத் தரையில் போட்டதுபோல் இறக்கினால் ரோலர் கப்பில் அழுந்திக் குழி விழும், அது நிஜ பிரினெல். போலியில் அடியே விழாது. சுமையோடு நின்ற இடத்திலேயே நூலிழை அளவு ஆடிக்கொண்டிருந்தால் போதும். ரோலருக்கு அடியில் இருக்கும் கிரீஸ் விலகிவிடும். சக்கரம் முழுச் சுற்று சுற்றாததால் புது கிரீஸ் அங்கே வந்து சேராது. இரும்பும் இரும்பும் உரசித் துகள் உதிரும், துகள் துருவாகும், துரு மேலும் அரைக்கும். 1930-களில் அமெரிக்காவில் புதுக் கார்களை ரயிலில் ஏற்றி அனுப்பியபோது, ஒரு மைல்கூட ஓடாத காரின் சக்கரப் பேரிங்குகள் இப்படித் தழும்பேறி வந்து இறங்கின. தம்பியின் விமானம் கயிறு கட்டிய இடத்தில் காற்றில் ஆண்டுக்கணக்காக ஆடியிருக்கிறது. தண்ணீரும் சேர்ந்துகொண்டது.

"கையால சுத்துனப்ப ஒண்ணுமே தெரியலையேண்ணா."

தெரியாதுதான். கெட்டியான கிரீஸ் தழும்பை மூடிவிடும், சுமை இல்லாத சக்கரம் சுகமாகச் சுற்றும். 1,400 சுற்றில், எடை இறங்கும் நொடியில்தான் அந்தத் தழும்பு பேசும்.

கப்பை மாற்றினால் கோனையும் மாற்ற வேண்டும். ஒன்றின் தழும்பு மற்றதில் இருக்கும். நல்ல பேரிங்காக இருந்தாலும் வலது உள், வலது வெளி, இடது உள், இடது வெளி என்று துண்டுச்சீட்டு வைத்துப் பிரித்தே வைப்பேன். ஒரே கப்பில் ஓடிப் பழகிய கோனை அதிலேயே திருப்பி வைக்க வேண்டும்.

பழைய கப்பை எடுக்க உளி வைத்து அடிப்பவர்கள் உண்டு. சக்கரம் அலுமினியமோ மெக்னீசியமோ, மென்மையான வார்ப்பு. ஒருமுறை துளை கீறிவிட்டால் அடுத்த கப் இறுக்கமாக உட்காராது. சரியான வழி சூடு. சக்கரப் பாதியை 121 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல் அவனில் அரை மணி வைக்க வேண்டும். அதைத் தாண்டினால் வார்ப்பின் பதம் போய்விடும். ஒரே சூட்டில் அலுமினியம் எஃகைப்போல் இரண்டு மடங்கு விரியும். கவிழ்த்து மரக்கட்டையால் லேசாகத் தட்டியதும் பழைய கப் மேசையில் விழுந்தது. புதுக் கப் முந்தின இரவே ஃப்ரீசரில் இருந்தது. 60 மில்லிமீட்டர் அளவுள்ள துளை நூறு டிகிரி சூட்டில் 0.14 மில்லிமீட்டர் அளவுக்கு விரிகிறது. குளிர்ந்த கப் தன் எடையிலேயே உள்ளே இறங்கும். ஆனால் சூடு சமமாகும்போது நூலளவு மேலெழும்பப் பார்க்கும், ஆறும் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஆறியபின் அடியில் இடைவெளி இல்லையென்று மிக மெல்லிய ஃபீலர் தகட்டை நுழைத்துப் பார்த்து உறுதி செய்தோம். இதற்கென்று ஒரு பழைய அவனை ஹேங்கரில் வைத்திருக்கிறேன். கிரீஸ் புகை படிந்த அடுப்பில் பிறகு சோறு சமைக்கக் கூடாது.

கிரீஸ் விஷயத்தில் ஹேங்கருக்கு ஹேங்கர் ஒரு கட்சி உண்டு. ஏரோஷெல் 22 என்பார் ஒருவர், செந்நிற மொபில் 28 என்பார் இன்னொருவர். இரண்டுமே களிமண் வகைப் பொருளால் கெட்டியாக்கிய செயற்கை எண்ணெய் கிரீஸ், இரண்டுமே நல்லவை. கார் கடையில் கிடைக்கும் கிரீஸ் பெரும்பாலும் லித்தியம் சோப்பால் கெட்டியாக்கியது, தனியாகப் பார்த்தால் அதுவும் மோசமில்லை. களிமண்ணும் லித்தியமும் கலந்தால்தான் வினை. கெட்டிப்படுத்தும் பொருள் உடைந்து எண்ணெய் தனியே வடிந்துவிடும், பேரிங் வறண்டு நிற்கும். எது நல்ல கிரீஸ் என்ற வாதத்தில் எனக்கு அக்கறை இல்லை. உள்ளே ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் சுத்தமாகக் கழுவு, ஒன்றைத் தேர்ந்தெடு, அதன் பெயரைப் பதிவேட்டில் எழுது, ஆயுளுக்கும் அதிலிருந்து மாறாதே. இதுதான் நான் சொல்வது.

பேக்கிங் செய்யக் கருவிகள் விற்கிறார்கள். நான் உள்ளங்கையால்தான் செய்கிறேன். கையுறை போட்ட உள்ளங்கையில் ஒரு கட்டி கிரீஸை வைத்து, கோனின் அகன்ற விளிம்பால் அதை வெட்டி வெட்டி அழுத்த வேண்டும். ரோலர்களின் இடுக்கு வழியே மறுபக்கத்தில் புழுப்புழுவாக வெளிவரும் வரை அழுத்தி, கொஞ்சம் திருப்பி, அடுத்த இடுக்கு. சுற்றி முடித்தபின் கப்பின் முகத்தில் மெல்லிய பூச்சு. ஹப்பின் நடுவெளியை கிரீஸால் அடைக்கத் தேவையில்லை. அங்கே குவிந்தது சூட்டில் இளகி பிரேக் தட்டுக்கு வழி தேடும். ஃபெல்ட்டை மெல்லிய எண்ணெயில் நனைத்துப் பிழிந்து மாட்ட வேண்டும். தம்பிக்குப் புது ஃபெல்ட் போட்டோம்.

டயர் ட்யூப் சேர்ப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டயரில் உள்ள சிவப்புப் புள்ளி லேசான பக்கம், அதை ட்யூபின் பாரக் குறிக்கு நேரே வை. டால்க் பவுடர் தூவு. பாதிகளுக்கிடையே ட்யூப் சிக்கவில்லை என்று பார். போல்ட்டுகளைச் சக்கரத்தின் மேலேயே எழுதியிருக்கும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கு.

இனி நட்.

இந்த ஒரு நட்டில்தான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன். தளர்வாக விட்டால் சக்கரம் ஆடும், பிரேக் தட்டு கோணும், சுமை எல்லா ரோலரிலும் பரவாமல் இரண்டு மூன்று ரோலரில் ஏறும். அதிகம் இறுக்கினால் ரோலரின் பருத்த முனை கோனின் விளிம்பில் தேய்ந்து சூடேறும். சக்கரத்தை ஒரு கையால் சுற்றிக்கொண்டே மறுகையால் நட்டை நன்றாக இறுக்க வேண்டும். சுற்றாமல் இறுக்கினால் ரோலர்கள் தங்கள் இடத்துக்கு வந்து சேராது. பிறகு முழுக்கத் தளர்த்த வேண்டும். மறுபடி சுற்றிக்கொண்டே, இந்தமுறை மென்மையாக, ஆட்டம் நின்று சுழற்சியில் மெல்லிய தயக்கம் தெரியும் இடம் வரை. டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் 'டக்' என்று தட்டக் கூடாது. விட்டால் சோம்பலாகச் சில சுற்று சுற்றி நிற்க வேண்டும், சைக்கிள் சக்கரம்போல் நிற்காமல் சுற்றினால் அது தளர்வு.

இந்த இடத்தில்தான் காட்டர் பின் தொல்லை. நட்டின் வெட்டு ஆக்ஸிலின் துளைக்கு நேரே வந்தால்தான் பின் நுழையும். சரியான இறுக்கம் இரண்டு வெட்டுக்கு நடுவே வந்து நிற்கும். பின்னை நுழைப்பதற்காக இறுக்கத்தைப் பலிகொடுப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கை தளரும் திசை எப்போதும் தளர்வான வெட்டுத்தான். நான் அடுத்த வெட்டுக்கு முன்னேற்றிப் பார்ப்பேன். சக்கரம் இழுத்தால் மெல்லிய வாஷரை மாற்றி மறுபடி தொடங்குவேன். தம்பியின் பேரிங்கும் கப்பும் புதிது என்பதால் பழைய அளவு எதுவும் ஒத்துவரவில்லை. வாஷர் மாற்றி மாற்றி அரை நாள் போயிற்று. அவர் சலித்துக்கொள்ளவே இல்லை. அவர் நல்ல விமானியாக வருவார் என்று எனக்குத் தோன்றியது அன்றுதான்.

மூக்குச் சக்கரம் தனி அத்தியாயம். எங்கள் பழைய வகை முன்காலில் கவையின் இரு பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்கும் நீளப் போல்ட்தான் பேரிங்கின் இறுக்கத்தையும் தீர்மானிக்கிறது. கவைக்கு வேண்டிய இறுக்கம் ஒன்று, பேரிங்குக்கு வேண்டியது வேறு. தளர்த்தினால் கோன் ஆக்ஸிலின் மேலேயே சுற்றித் தேயும். இறுக்கினால் சக்கரம் பிடிக்கும். பிடித்த மூக்குச் சக்கரம் புல் ஓடுபாதையில் முன்காலைப் பின்னுக்கு இழுக்கிறது. ஆர்வியின் மூக்குக்கால் மடங்கிய விபத்துகளை அமெரிக்காவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்தது. 2007-ல், தரைக்கும் கவையின் கீழ் நட்டுக்கும் இடைவெளி கூட்டிய புதுக் கவையை வேன்ஸ் கொண்டுவந்தது. அந்தக் கவையை நான் உடனே போட்டேன். அதோடு இரண்டு கோன்களுக்கும் இடையே துல்லியமாகக் கடைந்த ஒரு குழாயை லேத்தில் செய்து வைத்தேன். இப்போது போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் இறுக்கம் குழாயில் போய்ச் சேர்கிறது, ரோலர் சுதந்திரமாக உருள்கிறது. குழாயின் நீளத்தைச் சரியாக்க உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். கோயம்புத்தூர் லேத் வேலை அங்கே கைகொடுத்தது.

கவை பக்கவாட்டில் திரும்பும் இறுக்கத்தையும் அப்போதே பார்த்துவிடுவேன். ஆக்ஸில் இருக்கும் இடத்தில் ஸ்பிரிங் தராசைக் கோத்து இழுத்தால் 22 பவுண்டில் அசையத் தொடங்க வேண்டும். அதற்குக் குறைந்தால் இறங்கும்போது மூக்குச் சக்கரம் படபடவென்று உதறும்.

இந்த மூக்குச் சக்கரத்துக்கு ஸ்டியரிங் கிடையாது என்பதும் பேரிங்கைப் பாதிக்கிறது. தரையில் திரும்ப வேண்டுமானால் ஒரு பக்கப் பிரேக்கை மிதிக்க வேண்டும். காலைப் பிரேக்கில் வைத்துக்கொண்டே எஞ்சினை வேகமாக ஓடவிட்டு ஊர்பவர்கள் உண்டு. பிரேக் தட்டு சக்கரத்தோடு போல்ட் போட்டுப் பிணைத்தது. அதன் சூடு நேராக ஹப்புக்குள் இறங்கி உள்பக்கப் பேரிங்கின் கிரீஸை இளக்கும். கூட்டுக்குள் சிக்கிய அந்தச் சூட்டில் பிரேக் எண்ணெய் கசிந்து தீப்பிடித்த சம்பவங்களும் நடந்திருக்கின்றன. பழைய 5606 வகைச் சிவப்பு எண்ணெய் எளிதில் பற்றும். நான் அதை வடித்துவிட்டு எளிதில் பற்றாத 83282 வகைக்கு மாறிவிட்டேன். உள்பக்கப் பேரிங்கில் மட்டும் கிரீஸ் கறுத்திருந்தால் விமானியின் காலைத்தான் சந்தேகப்படுவேன். பேரிங்கைக் குறை சொல்ல மாட்டேன்.

ஒஹையோவில் இன்னொரு எதிரி பங்குனி சித்திரையில் வரும். குளிர்காலம் முழுக்க உறைந்து கிடந்த விமானத்தின் மேல் முதல் வெதுவெதுப்பான ஈரக்காற்று படும்போது, மூடிய ஹேங்கருக்குள்ளேயே இரும்பெல்லாம் வியர்த்து வழியும். ஹப்புக்குள்ளும் வியர்க்கும். பறக்க முடியாத மாதங்களில் நான் விமானத்தை அவ்வப்போது ஓரடி தள்ளி நிறுத்துகிறேன். ரோலர் புது இடத்தில் உட்காரும், கிரீஸ் ஒருமுறை சுற்றி வரும். கழுவும்போது அழுத்தக்குழாய்த் தண்ணீரைச் சக்கரத்தின் பக்கமே திருப்புவதில்லை. குளிர் விட்டதும் சக்கரங்களைக் கழற்றிப் புது கிரீஸ் வைக்கிறேன், அந்த ஆண்டு எவ்வளவு குறைவாகப் பறந்திருந்தாலும் சரி. குறைவாகப் பறந்த ஆண்டில் இன்னும் கவனமாக.

தம்பியின் விமானத்துக்கு மெக்கானிக் வந்து பார்த்துக் கையெழுத்திட்டார். சில தரையிறக்கங்களுக்குப் பிறகு மறுபடி கூட்டைக் கழற்றி நட்டைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். புதுக் கப் சுமை கண்டபின் இன்னும் கொஞ்சம் உள்ளே உட்காரும். சொன்னபடி ஒரு சனிக்கிழமை ஜாக்கியை எடுத்துக்கொண்டு அவரே கூப்பிட்டார். வலது சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், மெல்லத் தட்டியது. நட் ஒரு வெட்டு முன்னேறியது. புதுக் காட்டர் பின் போட்டு மடக்கிவிட்டுப் பதிவேட்டை எடுத்தார். கப் மாற்றாத இடது சக்கரத்தில் நட் வைத்த இடத்திலேயே இருந்தது. அதையும் எழுதச் சொன்னேன், எழுதினார்.